செல்ஃப் சர்வீஸ் ஸ்டேக், பார்பிக்யூ கடை: எட்டுப் பேருக்கு எப்படி ஆர்டர் சொல்வது?

கேட்டவர்: பசிமணி

எட்டுப் பேர் போறோம், ஆறு பெரியவங்க, ரெண்டு குழந்தைங்க. மேஜைக்கு ஆள் வராத கடை. கவுண்டர்ல சொல்லி, பணம் கட்டி, பஸர் அடிச்சதும் நாமே ட்ரேயில எடுத்துட்டு வரணும். ஸ்டேக்குக்கு ஒரு கவுண்டர், எடை போட்டு வெட்டித் தர்ற பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி), ரிப்ஸுக்கு (விலா எலும்புக்கறி) இன்னொரு கவுண்டர், நடுவுல சாலட் பார். ரெண்டு பேருக்கு மீடியம் ரேர் (நடுவுல ரோஸா இருக்கிற பதம்), ஒருத்தருக்கு வெல் டன்தான் (முழுசா வெந்தது) வேணும், மத்தவங்களுக்கு பார்பிக்யூ. எல்லாரும் ஒரே நேரத்துல சூடா சாப்பிட வழி உண்டா? தலைக்கு எவ்வளவு கிராம் சொல்லணும்?

———

புகைக்கூண்டு:

வழி உண்டு. வரிசையில எந்தக் கவுண்டர் முதல்லங்கிறதுலதான் எல்லாமே இருக்கு. பலரும் பிரிஸ்கெட்டை முதல்ல வாங்கிட்டு வந்து மேஜையில வெச்சுட்டு ஸ்டேக்குக்காகக் காத்திருப்பாங்க. முழுத் துண்டா இருக்கிற வரைக்கும் பிரிஸ்கெட் மணிக்கணக்கா தாங்கும், 60 முதல் 65 டிகிரி செல்சியஸ்ல வெச்சுத்தான் விற்கிறாங்க. கத்தி பட்ட நிமிஷத்துல இருந்து கதை வேற. மெல்லிசாப் போட்ட துண்டு பத்து நிமிஷத்துக்குள்ள ஓரம் கறுத்துக் காய்ஞ்சிடும்.

அதனால ஸ்டேக்கை முதல்ல சொல்லுங்க. ஒரு இஞ்ச் கனமுள்ள துண்டு மீடியம் ரேருக்கு அடுப்புல எட்டு பத்து நிமிஷம், அப்புறம் அஞ்சு நிமிஷம் ஓய்வு. வெல் டன் கால் மணி நேரத்தைத் தாண்டும். அந்த இடைவெளியில ஒருத்தர் தண்ணி, முள்கரண்டி, சாஸ், டிஷ்யூ எல்லாத்தையும் மேஜைக்குக் கொண்டு வரட்டும். பஸர் அடிக்கும்போது ஒருத்தர் ஸ்டேக்குக்கு, இன்னொருத்தர் பார்பிக்யூ வரிசையோட முன்னால நிற்கணும். வரிசை நீளமா இருந்தா ஸ்டேக் சொன்ன கையோட அங்க போய் நின்னுடுங்க.

எடைக்கு வருவோம். ஸ்டேக் பலகையில போட்டிருக்கிறது பெரும்பாலும் பச்சைக்கறி எடை. 300 கிராம்னு போட்டா தட்டுல 225 கிட்டத்தான் வரும், வெல் டன்னா இன்னும் குறையும். பிரிஸ்கெட்டை வெந்த பிறகு தராசுல போடறதால சொன்ன எடை அப்படியே தட்டுல வரும். பெரியவங்களுக்கு 200 கிராம், சைட் டிஷ் நிறைய எடுத்தா 150 போதும். ரிப்ஸுல எலும்பும் தராசுல ஏறும், அதனால கிராமா யோசிக்காம தலைக்கு மூணு நாலு எலும்புன்னு கேளுங்க.

பிரிஸ்கெட்டுல ரெண்டு பகுதி உண்டு. கொழுப்பு ஓடின மேல் பகுதி, கொழுப்பு குறைஞ்ச தட்டைப் பகுதி. ஒண்ணும் சொல்லாம நின்னா எது கையில கிடைக்குதோ அது விழும். பாதிப் பாதி கேளுங்க. உங்க கண் முன்னாடியே வெட்டச் சொல்லுங்க, ஏற்கெனவே வெட்டிக் குவிச்சதை வேண்டாம்னு சொல்றதுல தப்பே இல்ல.

———

தணல்:

ஸ்டேக் பக்கம் நான் சொல்றேன். நடுப்பகுதி வெப்பம் மீடியம் ரேருக்கு 54–57 டிகிரி, மீடியம் 60–63, வெல் டன் 71க்கு மேல. அடுப்பை விட்டு எடுத்த பிறகும் உள்ளே மூணு டிகிரி வரைக்கும் ஏறும். மேஜைக்குக் கொண்டு வந்து தர்ற கடையில அந்த ஏற்றத்தைக் கணக்குப் பண்ணித்தான் எடுப்பாங்க. செல்ஃப் சர்வீஸ்ல பஸர் அடிச்சு நீங்க வர்ற வரைக்கும் தட்டு சூட்டு விளக்குக்குக் கீழ நிற்கும். மீடியம் ரேர் மீடியமா மாறுறதுக்கு முக்கால்வாசி காரணம் அந்தக் காத்திருப்பு, சமையல்காரர் இல்ல.

வெல் டன் கேட்கிறவருக்குக் கனமான ரிப்-ஐ (விலாப் பகுதி ஸ்டேக்) வேண்டாம். மெல்லிசான துண்டு சொல்லுங்க, இல்லாட்டி நடுவுல பிளந்து விரிச்சுச் சுடச் சொல்லுங்க. நேரமும் மிச்சம், வெளிப்புறம் கரியாகாது. கொழுப்பு ரொம்பக் குறைஞ்ச டெண்டர்லாய்னை (முதுகுப் பகுதி மென்கறி) வெல் டன்னா கேட்டா பஞ்சு மாதிரி வரும், காசுக்குக் கேடு.

ஒரு எச்சரிக்கை. விலை குறைஞ்ச துண்டுகளை மிருதுவாக்க ஊசி குத்துவாங்க. மேல இருக்கிற கிருமி உள்ளே போயிடும், அதனால அந்த வகையை ரேரா கேட்காதீங்க. 63 டிகிரி வந்து மூணு நிமிஷம் ஓய்வு கொடுத்ததுதான் பாதுகாப்பு. ஊசி குத்தினதான்னு கவுண்டர்லயே கேட்கலாம்.

———

இரும்புத்தட்டு:

சுர்ருன்னு சத்தம் போடற வார்ப்பிரும்புத் தட்டை யாரும் சொல்லலையே. பார்க்க அழகு, ஆனா அது ரெண்டாவது அடுப்பு. மீடியம் ரேரை அதுல வாங்கினா பாதி சாப்பிடறதுக்குள்ள மீடியத்தைத் தாண்டிடும். ஒண்ணு, சாதாரணத் தட்டு கேளுங்க. இல்ல, ஒரு படி கீழே, ரேர்னு சொல்லிட்டு வாங்குங்க. ஏற்கெனவே வந்துடுச்சா? கறியை உருளைக்கிழங்கு மேல தூக்கி வைங்க, இரும்பைத் தொடாம இருந்தா போதும். வெல் டன்காரருக்கு இந்தத் தட்டு வரப்பிரசாதம், கடைசி வாய் வரைக்கும் சூடு.

புகைக்கூண்டு சொன்ன 200 கிராம் கொஞ்சம் அதிகம். சாலட் பார் இருக்கிற இடத்துல ஆறு பேருக்கு 600 கிராம் பிரிஸ்கெட், ஒரு முழு ரிப்ஸ் வரிசைன்னு சொன்னா மிச்சம்தான் இருக்கும். பத்தாட்டி மறுபடி போய் 200 கிராம் வெட்டிக்கலாம், அது செல்ஃப் சர்வீஸோட வசதியே.

———

புகைக்கூண்டு:

எண்ணிப் பாருங்க, மூணு பேர் ஸ்டேக். பார்பிக்யூ சாப்பிடறது மூணு பெரியவங்களும் குழந்தைங்களும்தான். நான் சொன்ன கணக்குல பெரியவங்களுக்கு மட்டும் போட்டா அதே 600தான் வருது, ரிப்ஸ் வேற இல்லாம. ரெண்டாவது தடவை வரிசையில நிற்கிற பொறுமை இருந்தா குறைச்சே சொல்லலாம்.

———

கேட்டவர்: பசிமணி

மூணு பேருக்கும் நன்றி. இன்னொரு சந்தேகம். பிரிஸ்கெட் ஓரத்துல ரோஸ் கலர்ல ஒரு வளையம் தெரியுமே, குழந்தைங்களுக்குக் கொடுக்கலாமா? ஸ்டேக்ல இருந்து வடியற சிவப்புத் தண்ணி ரத்தமா?

———

தணல்:

ரத்தம் இல்ல. தசையில இருக்கிற மயோகுளோபின்ங்கிற சிவப்புப் புரதம் தண்ணியோட கலந்து வடியுது. வெட்டறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் விட்டா தட்டுல குளம் கட்டாது.

ரோஸ் வளையம் புகையால வர்றது. விறகு எரியும்போது வர்ற நைட்ரிக் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு ரெண்டும் அதே மயோகுளோபினோட சேர்ந்து நிறத்தை நிறுத்திடும். பிரிஸ்கெட் உள்ளே 93 டிகிரி கிட்ட போனாத்தான் அதோட கெட்டியான இணைப்புத் திசு ஜெலட்டினா இளகும், வேகலையோன்னு பயமே வேண்டாம். புகையில வெந்த கோழியிலயும் எலும்பு ஓரம் ரோஸா இருக்கலாம். அங்க நிறத்தை நம்பாதீங்க, 74 டிகிரிதான் கணக்கு.

குழந்தைங்களுக்குக் கவனிக்க வேண்டியது பர்கர். அரைச்ச கறி, மேல இருந்தது எல்லாம் உள்ளே கலந்திருக்கும். 71 டிகிரி வரணும், மீடியம் பர்கர் அவங்களுக்கு வேண்டாம்.

———

இரும்புத்தட்டு:

சாலட் பார்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பார்வை. குளிர்ச்சியான பாத்திரம் பனிக்கட்டிக்குள்ள புதைஞ்சு இருக்கணும், மேல சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. மயோனைஸ் கலந்ததோட விளிம்பு மஞ்சளாக் காய்ஞ்சிருந்தா அது ரொம்ப நேரமா மாத்தாத பாத்திரம், புதுசு வர்ற வரைக்கும் விட்டுடுங்க. சூடானதுல ஆவி தெரியணும். ரெண்டாவது சுற்றுக்குப் புதுத் தட்டு எடுங்க, எச்சில் தட்டுல கரண்டி படக் கூடாது.

சாஸைக் கறி மேல ஊத்தச் சொல்லாதீங்க, தனிக் கிண்ணத்துல வாங்குங்க. ஊத்தினா பிரிஸ்கெட்டோட மொறுமொறு கருந்தோல் ஊறிச் சொதசொதன்னு ஆயிடும். மேஜைக்கு வந்த துண்டு நீளமா இழை இழையா வந்தா, இழைக்குக் குறுக்கே நீங்களே ஒரு தடவை வெட்டிக்கோங்க, பாதி மெல்ற வேலை குறையும்.