தகனக் கூடப் புகையில் பாதரசம்: வடிகட்டிச் செலவு யார் தலையில்?

கரன்:
லண்டனில் மாமாவின் இறுதிச் சடங்கு இப்போதுதான் முடிந்தது. தகனக் கூடத்துப் பில்லில் "சுற்றுச்சூழல் கட்டணம்" என்று தனியாக ஒரு தொகை. கேட்டால், பல் அடைப்பிலிருந்து கிளம்பும் பாதரசத்தை வடிகட்டுவதற்காம். செத்தவர் வாயில் இருந்த அடைப்புக்கு அவர் குடும்பம் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?

வானதி:
கரன் அண்ணா, துக்க நேரத்தில் இப்படி ஒரு பில் வந்தால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் அந்த வடிகட்டி அவசியம். வெள்ளி நிறத்தில் அடைக்கிறார்களே அமல்கம், அதில் ஏறக்குறைய பாதி பாதரசம். அது 357 டிகிரியில் கொதித்துவிடும். உலைச் சூடோ 800க்கு மேல். ஆவியாகிப் புகைபோக்கி வழியே போய், ஆற்றிலோ கடலிலோ இறங்கி, மெத்தில் பாதரசம் என்ற நச்சாக மாறி மீனில் சேர்கிறது. பிரிட்டனின் மொத்தப் பாதரச உமிழ்வில் 16 சதவீதம் வரை தகனக் கூடங்களிலிருந்து வருவதாக 2000களின் தொடக்கத்தில் மதிப்பிட்டார்கள். இந்துக்கள் நாம் பெரும்பாலும் எரிப்பவர்கள். நமக்கும் இதில் பொறுப்பு உண்டு.

சிவநேசன்:
பொறுப்பு முதலில் அடைக்கிற இடத்தில் இருக்க வேண்டும், தங்கச்சி. நார்வே 2008இல், ஸ்வீடன் 2009இல் அமல்கத்தை நிறுத்தின. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியில் நிறுத்தியது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா சர்வதேச உடன்படிக்கையின் நாடுகள் 2034ஐ இறுதி ஆண்டாக வைத்திருக்கின்றன. இங்கிலாந்தில் என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையின் பல் மருத்துவர்கள் இன்னும் அதை வைத்து அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைக்கச் சொல்வது என்ன நியாயம்?

வானதி:
குழாயை மூடச் சொல்லி நானும்தான் கேட்கிறேன். ஆனால் இன்றைக்கே நிறுத்தினாலும், இப்போது ஐம்பது அறுபது வயதில் இருப்பவர்கள் வாயில் ஏற்கெனவே இருப்பது எங்கே போகும்? முந்தைய தலைமுறையில் பலர் கடைசிக் காலத்தில் பல்செட்டோடு இருந்தார்கள். இவர்களுக்குச் சொந்தப் பல் இருக்கிறது, அடைப்பும் இருக்கிறது. இன்னும் பல பத்தாண்டுகளுக்கு இந்தப் புகை வரும்.

ரவி:
எரிப்பதற்கு முன் பல்லைப் பிடுங்கிவிட்டால் செலவே இல்லையே?

சிவநேசன்:
என் அம்மாவின் வாயில் குறடு வைக்க நான் விடமாட்டேன். குளிப்பாட்டி, வாய்க்கரிசி போடுகிற வாய் அது. காசு மிச்சம் என்பதற்காக இதைப் பேசவே கூடாது.

வானதி:
இதில் நான் சிவநேசன் அண்ணா பக்கம்.

ஈசன்:
உலை பராமரிப்பு வேலையில் இருப்பவன் சொல்கிறேன். புகையை முதலில் குளிர வைக்க வேண்டும், பிறகு கரித்தூளில் பாதரசம் ஒட்டிக்கொள்ளும், அதைத் துணிப் பைகள் பிடித்துக்கொள்ளும். உபகரணம் பெரியது, பழைய கட்டடங்கள் சிலவற்றில் வைக்க இடமே இருக்காது. அதனால்தான் 2012 முடிவுக்குள் உமிழ்வை நாடு முழுவதற்குமாகப் பாதியாகக் குறைத்தால் போதும் என்று அரசு விதித்தது. வடிகட்டி வைக்காத கூடம், வைத்த கூடத்தின் செலவில் பங்கு கொடுக்கலாம். குளிர்விக்கும்போது கிடைக்கிற சூடும் வீணாக வேண்டியதில்லை. இங்கிலாந்தின் ரெடிட்ச் ஊரில் அதை நீச்சல் குளத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்போது பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது நல்ல ஏற்பாடாகவே படுகிறது.

கரன்:
அப்படியென்றால் பணத்தைக் கொடுத்துவிட்டு வடிகட்டாமலே எரிக்கலாமா? அந்தக் கூடத்தின் பக்கத்தில் குடியிருப்பவருக்கு அதனால் என்ன பயன்?

ஈசன்:
அந்த ஏற்பாட்டின் பலவீனம் அதுதான். பழைய உலையை மாற்றும்போதாவது வடிகட்டி கட்டாயமாக வேண்டும்.

கரன்:
சரி, வடிகட்டி வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். கட்டணத்தை ஏற்கவில்லை. மாமா அமல்கத்தைக் கேட்டு வாங்கவில்லை. என்எச்எஸ்ஸில் அதுதான் கிடைத்தது. வைத்தவர்களே எடுக்கிற செலவையும் ஏற்கட்டும்.

வானதி:
அதுவும் கடைசியில் நம் வரிப்பணம்தானே, அண்ணா.

கரன்:
வரி என்றால் எல்லோரும் பகிர்ந்துகொள்வோம். பெட்டியின் பக்கத்தில் நிற்கிறவன் மட்டும் கட்ட வேண்டியதில்லை. எங்கள் கவுன்சிலுக்கு இதைத்தான் எழுதப் போகிறேன்.