தம்பியின் முகத்தில் எதுவும் தெரியவில்லை, உள்ளேயும் ஒன்றும் இல்லையா?

யீஷூன் அக்கா:
என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். மருந்து தவறாமல் சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. போன மாதம் பாட்டியை மண்டாயில் தகனம் செய்தபோது அவன் கண் கலங்கவே இல்லை. "கல்நெஞ்சுக்காரன்" என்று சித்தப்பா எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். வருத்தமா என்று கேட்டால் "தெரியவில்லை" என்கிறான். நான் அழுதபோது, "ஏன் கோபமாக இருக்கிறாய்?" என்றான். அன்றிரவோ வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்துவிட்டான். இது நோயா, மருந்தா, சுபாவமா?

ஹவ்காங் அம்மா:
உங்கள் சித்தப்பாவின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், தங்கையே. என் மகனும் இப்படித்தான். மனசு எப்படி என்று கேட்டால் வாய் திறக்க மாட்டான். நெஞ்சு கனக்கிறதா, வயிறு பிசைகிறதா என்று கேட்டால் பதில் வரும். என் முகத்தைப் பார்த்து அவனே புரிந்துகொள்ளட்டும் என்று காத்திருப்பதில்லை. "அம்மாவுக்குக் கோபம் இல்லை, அப்பா நினைவு வந்தது, அதுதான் அழுகிறேன்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன். மனநோய் உள்ளவர்களைப் பராமரிப்பவர்களுக்கு, இங்கே சிங்கப்பூரில் கேர்கிவர்ஸ் அலையன்ஸ் என்ற அமைப்பு இலவசமாகப் பயிற்சி தருகிறது, கேட்டுப் பாருங்கள்.

மனநலத் தாதி:
மூன்றும் கலந்திருக்கலாம். முகபாவம் மங்குவது இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. பிறர் முகத்தில் பயம், கோபம், துக்கம் ஆகியவற்றைப் பிரித்தறிவதும் பலருக்குச் சிரமம். தன் உணர்ச்சி இன்னதென்று சொல்லத் தெரியாத நிலைக்கு அலெக்ஸிதைமியா என்று பெயர்; 1970களில் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் வைத்தது. நோயில்லாதவர்களிடமும் இது உண்டு. மனச்சிதைவு உள்ளவர்களிடம் அதிகம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். 1993இல் வெளியான ஓர் ஆய்வில், மனச்சிதைவு உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் உணர்ச்சியைத் தூண்டும் படக்காட்சிகளைக் காட்டினார்கள். நோயுள்ளவர்களின் முகம் குறைவாகவே அசைந்தது. ஆனால், உள்ளே உணர்ந்ததாக அவர்கள் சொன்னது மற்றவர்களுக்குக் குறைந்ததாக இல்லை. சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

சில மருந்துகளும் முகத்தை இறுக்கிவிடும். கை நடுக்கம், மெதுவான நடை இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மனச்சோர்வும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வயிற்று வலியையும் மனசுதான் என்று விட்டுவிட வேண்டாம்.

யீஷூன் அக்கா:
இருவருக்கும் நன்றி. நேற்று வயிற்றைப் பற்றிக் கேட்டேன். பாட்டியின் அறையைத் தாண்டும்போதெல்லாம் பிசைகிறதாம். முதன்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினான்! நீங்கள் சொன்ன பிறகு கவனித்தேன், நடக்கும்போது அவன் கைகள் வீசுவதே இல்லை. இரண்டையும் எழுதி வைத்துவிட்டேன். வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கப் போகிறோம், சித்தப்பாவையும் உடன் அழைத்திருக்கிறேன்.