அட்மின் வேலையில் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம்: பகிருங்கள்

மொட்டைப்பனை:

இயற்கை ஆர்வலர் குழுக்களில் பிரிவு பார்த்துக்கொள்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால்தான் சொல்கிறேன். மூன்று வருடமாகியும் எனக்கு ஆறவில்லை.

எங்கள் பறவைக் குழுவில் ‘பொந்தும் கூடும்’ என்ற பிரிவைக் கேட்டு வாங்கியவனே நான்தான். தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் புள்ளி ஆந்தை ஜோடியின் படத்தைப் போட்டார். ஒன்று பொந்துக்கு வெளியே முழுதாக உட்கார்ந்திருந்தது. அதன் தோளுக்குப் பின்னால் இன்னொன்றின் ஒரே ஒரு மஞ்சள் கண். படத்துக்குக் கீழே ஊர்ப் பெயர், ‘சுடுகாட்டுப் பாதை, மூன்றாவது மொட்டைப்பனை.’

இடம் எழுதக் கூடாது என்பது விதி. மாந்திரீகத்துக்கு ஆந்தை பிடிப்பவர்கள் அந்த அமாவாசையை ஒட்டித்தான் அலைவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அது அவருடைய முதல் படம். வாழ்த்துகள் வந்துகொண்டே இருந்தன. காலையில் அந்த வரியை மட்டும் எடுக்கச் சொல்லலாம் என்று படுத்துவிட்டேன். காலையில் மறந்துபோனது. மறுநாள் ராத்திரிதான் எடுத்தேன்.

தீபாவளி முடிந்ததும் எனக்கு மட்டும் தனியாக ஒரு படம் அனுப்பினார். பொந்தின் வாயை அரிவாளால் கொத்தி அகலப்படுத்தியிருந்தார்கள். வெட்டுப்பட்ட இடம் நார் நாராக, வெளிறிப்போய். அடியில் ஒரு சிறகு. “அண்ணா, நான் எழுதியதாலா?” என்று கேட்டிருந்தார். இல்லை தம்பி என்று எழுதினேன். உண்மையில் எனக்குத் தெரியாது. அன்றைக்கே பிரிவை மூடிவிட்டேன்.

செங்காந்தள்:

என்னுடையது பாம்பு. ‘பாம்பு அடையாளம்’ தனிப் பிரிவு, பெயர் சொல்ல ஐந்து பேருக்கு மட்டும் அனுமதி, மற்றவர்கள் ஊகிக்கக் கூடாது. எல்லாரும் வைத்திருக்கிற ஏற்பாடுதான்.

ஒரு நாள் இரவு பதினொன்றே கால் மணி. பொதுப் பிரிவில் ஒரு படம் வந்தது. துடைப்பத்துக்குப் பக்கத்தில் கறுப்புப் பாம்பு, உடம்பில் வெள்ளைப் பட்டைகள். ‘இது வெள்ளிக்கோல் வரையன்தானே?’ கை பழக்கத்தில் ‘தவறான பிரிவு, மாற்றுகிறேன்’ என்று தட்டினேன், மாற்றினேன், அப்புறம்தான் முழுதாகப் படித்தேன். மூன்றாவது வரி: ‘தம்பி பாயில் படுத்திருந்தான், விரலில் சுருக்கென்றதாம், வலி இல்லை என்கிறான்.’

படத்தைப் பெரிதாக்கினேன். பட்டைகள் கழுத்துப் பக்கம் மங்கல், வாலை நோக்கிப் போகப் போகத் தெளிவு, அதுவும் இரண்டிரண்டாக. விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனுக்கு இது அப்படியே தலைகீழ், முன்பக்கம்தான் தெளிவாக இருக்கும். முதுகின் நடுவில் பெரிய அறுகோணச் செதில்கள் வரிசையாகத் தெரிந்தன. கட்டுவிரியன். அது கடித்தால் பெரும்பாலும் வலியே இருக்காது, அதனால்தான் திரும்பப் படுத்துவிடுகிறார்கள்.

அதற்குள் இரண்டு பேர் ‘விஷமில்லாதது, பயப்படாதீங்க’ என்று போட்டிருந்தார்கள். அவற்றை அழித்துவிட்டு ‘கட்டுவிரியன், உடனே 108 கூப்பிடுங்கள்’ என்று ஏழு தடவை எழுதினேன். நாற்பது நிமிடம் பதிலே இல்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது: படம் போட்டவர் பழைய இடத்திலேயே தன் பதிவைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். நான் மாற்றியதால் அவர் கண்ணில் படவில்லை.

பையன் பிழைத்துவிட்டான். இமை தொங்க ஆரம்பித்த பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், ஐந்து நாள் வென்டிலேட்டரில் இருந்தான். இப்போது எங்களிடம் ஒரே விதி. ‘கடி’ என்ற பேச்சு வந்தால் பதிவு எங்கே கிடந்தாலும் தொடக் கூடாது. எல்லார் பதிலையும் பூட்டு, ஆஸ்பத்திரி என்று ஒரு வரி எழுது, பாம்பின் பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே நச்சுமுறி மருந்துதான் தருகிறார்கள்.

கரிச்சான்:

மொட்டைப்பனை அண்ணே, வருத்தம் புரிகிறது. ஆனால் பிரிவையே மூடியது தப்பு. ஊர்க்காரர்களுக்கு அந்தப் பனை உங்கள் குழுவுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

என் கதை சின்னது. கூட்டுப் படம் போட்ட ஒரு கல்லூரிப் பெண்ணை நாலு பெரியவர்கள் திட்டினார்கள், நானும் விதி விதி என்று படத்தை நீக்கினேன். அவர் குழுவை விட்டே போய்விட்டார். அது கிணற்றுக்கு மேல் ஈச்ச மரத்தில் தொங்கிய தூக்கணாங்குருவிக் கூடு. பஸ்ஸில் போகிற எல்லாருக்கும் தெரிகிற கூடு!

அதனால் விதியைப் பிரிவுக்கு வைக்காதீர்கள், பறவைக்கு வையுங்கள். ஆந்தை, கழுகு, பிடித்து விற்கப்படுகிற கிளி, மைனா இவற்றுக்கு இடம் கூடவே கூடாது, மாவட்டப் பெயர் போதும். உயிரினப் படங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஆபத்திலிருக்கும் இனம் என்றால் வரைபடத்தில் அதன் புள்ளியை 0.2 பாகைக் கட்டத்துக்குள் எங்கேயோ தள்ளிக் காட்டுகிறார்கள், அதாவது கிட்டத்தட்ட 20 கிலோமீட்டருக்கு மேல் அகலம். பறவைப் பதிவுத் தளமான இபேர்டிலும் சில இனங்களின் இடம் பொதுப் பார்வைக்கு வராது. இரண்டாவது, குஞ்சு பறந்து போன பிறகே கூட்டுப் படம் என்று தேதி வரம்பு வையுங்கள். மூன்றாவது, புதியவர் படம் அட்மின் பார்த்த பிறகே வெளியே வரட்டும், முதல் ஐந்து படங்களுக்கு மட்டும் போதும். நான்காவது, படத்துக்குள்ளேயே எடுத்த இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் விவரம் ஒட்டிக்கொண்டிருக்கலாம், எழுதிய வரியை எடுத்தால் மட்டும் போதாது. ஐந்தாவது, இரவில் ஒருவர், பகலில் ஒருவர் என்று முறை போடுங்கள். ஒரே ஆள் பார்த்தால் இப்படித்தான் தூங்கிவிடுவோம். நீக்கும்போது காரணத்தைத் தனியாகச் சொல்லுங்கள், எல்லார் முன்பும் வேண்டாம்.

வெள்ளைவேட்டி:

கரிச்சான் சார், விதி எல்லாம் சரிதான். விதியே மீறாமல் நான் ஒருவரை இழந்தேன்.

2019-இல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த பிறகு எங்கள் வண்ணத்துப்பூச்சிப் பிரிவில் கூட்டம் குவிந்தது. அதற்கு இடம் கொடுக்க அந்துப்பூச்சிப் பிரிவை எடுத்துவிட்டு ‘மற்ற பூச்சிகள்’ என்பதில் சேர்த்தேன். அந்தப் பிரிவில் தினமும் போட்டது ஒருவர்தான், மலையடிவாரத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார். மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டு, பின்னால் குண்டு பல்பு எரியவிட்டு, வந்து உட்காருகிறவற்றை ஒவ்வொன்றாக எடுப்பார். கடைசியாக அவர் போட்டது வெளிர் பச்சையில், நீள வால் இரண்டும் வேட்டியின் மடிப்பில் விழுந்து கிடந்த நிலா அந்துப்பூச்சி. அது மறுநாள் கரப்பான்பூச்சிக்கும் மூட்டைப்பூச்சிக்கும் நடுவில் போய் நின்றது. அதற்குப் பிறகு அவர் எதுவும் போடவில்லை. கோபமாக ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. பிரிவைத் திரும்பத் திறந்து இரண்டு முறை செய்தி அனுப்பினேன். பார்த்ததற்கான குறி மட்டும் விழுந்தது.

செங்காந்தள்:

ஃபோன் பண்ணுங்க அண்ணா. செய்தி வேண்டாம்.

மொட்டைப்பனை:

கரிச்சான், ஜிபிஎஸ் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. ஆனால் ஊருக்கே தெரியும் என்கிறீர்களே, அந்தப் பொந்து பாதையிலிருந்து தெரியாது. வயல் பக்கம் பார்த்த பொந்து. தம்பி வரப்பில் இறங்கி, முள்ளைத் தாண்டிப் போய்த்தான் எடுத்திருந்தார். பிரிவைத் திறக்கலாமா என்று மற்ற அட்மின்களிடம் பேசுகிறேன்.

அந்தத் தம்பி இன்னும் குழுவில்தான் இருக்கிறார். யார் படம் போட்டாலும் முதலில் வாழ்த்துவது அவர்தான். அவர் மட்டும் அதற்குப் பிறகு ஒரு படமும் போடவில்லை.