குளிர்காலத்தில் சைக்கிளில் வேலைக்குப் போகத் தொடங்குவது: குளிரோடு கிளம்பணுமா, போர்த்திக்கொண்டு கிளம்பணுமா?

புதுச்சக்கரம்

வணக்கம். இனி வேலைக்கு சைக்கிளில் போவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஒரு வழிக்கு 8 கிலோமீட்டர். பெரும்பாலும் சமதளம், நடுவில் ஒரு பாலம் மட்டும் ஏறி இறங்க வேண்டும். காலையில் கிளம்பும் நேரத்தில் இப்போது 4, 5 டிகிரி இருக்கிறது. இன்னும் சில வாரங்களில் பூஜ்ஜியத்தைத் தொட்டுவிடும். கையில் இருப்பவை பஞ்சு அடைத்த தடித்த ஜாக்கெட் ஒன்று, கம்பளி ஸ்வெட்டர் ஒன்று, நிறைய பருத்தி டி-ஷர்ட்டுகள். இவற்றை வைத்துச் சமாளிக்க முடியுமா? அல்லது குளிர் போன பிறகு தொடங்குவதுதான் புத்திசாலித்தனமா?

எதிர்க்காற்று

தாராளமா இப்பவே தொடங்குங்க. ஆனா அந்தப் பஞ்சு ஜாக்கெட்டை வீட்டுல விட்டுட்டுக் கிளம்புங்க.

புதுசா ஓட்டுறவங்களைக் குளிரை விட வியர்வைதான் அதிகமாப் படுத்தும். கணக்கைப் பாருங்க. மிதமா மிதிச்சாலே பெடலுக்கு 100 வாட் அளவு போகும். தசை எடுத்துக்கிற ஆற்றல்ல 20 முதல் 25 சதவீதம்தான் மிதிக்கிற வேலையா மாறுது, மிச்சம் எல்லாம் சூடு. அதாவது 300, 400 வாட் சூடு உங்க உடம்புக்குள்ளேயே கிளம்புது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது 100 வாட் பக்கம்தான் இருக்கும். தடித்த ஜாக்கெட்டுக்குள்ள இந்தச் சூடு போறதுக்கு வழியில்லாம, பாலம் ஏறி முடிக்கிறதுக்குள்ள முதுகு நனைஞ்சிடும். அப்புறம் இறக்கத்துல காத்து அடிக்கும்போது அந்த ஈரமே உங்களை நடுங்க வைக்கும்.

அதனால வாசல்ல நிக்கும்போது லேசாக் குளிரணும். முதல் பத்து நிமிஷம் பொறுத்துக்கிட்டா உடம்பு தானா சூடாகிடும். வாசல்லயே இதமா இருந்தா துணி அதிகம்னு அர்த்தம்.

பருத்தி டி-ஷர்ட்டையும் உள்ளே போடாதீங்க. வியர்வையைக் குடிச்சிட்டு தோலோட ஒட்டிக்கும், லேசுல காயாது. பாலியெஸ்டர் இழை தண்ணியை ஒரு சதவீதம்கூட உறிஞ்சாது, அதனால சீக்கிரம் உலரும். மெல்லிய மெரினோ கம்பளி கிடைச்சா இன்னும் நல்லது. தன் எடையில 30 சதவீதம் வரைக்கும் ஈரத்தை இழைக்குள்ள வாங்கிக்கிட்டும் தொட்டா ஈரம் தெரியாது, நாத்தமும் குறைவு. உள்ளே அது, மேல உங்க கம்பளி ஸ்வெட்டர், அதுக்கும் மேல காத்தை மட்டும் தடுக்கிற மெல்லிய ஜாக்கெட். 5 டிகிரிக்கு இது போதும்.

ஓட்டை_டியூப்

எதிர்க்காற்று எழுதியது: "வாசல்ல நிக்கும்போது லேசாக் குளிரணும்."

இந்த அறிவுரையோடு எனக்கு உடன்பாடு இல்லை. பல வருடமாக ஓட்டுபவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். புதியவருக்குச் சொல்லக்கூடாது.

நீங்கள் கொடுத்த கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். மிதிக்கும்போது 400 வாட், நின்றால் 100 வாட். சக்கரம் நின்ற அந்த நிமிடமே உடம்பின் அடுப்பில் முக்கால்வாசி அணைந்துவிடுகிறது. பஞ்சர் ஆகிறது என்று வையுங்கள். புதியவருக்கு டியூப் மாற்ற இருபது நிமிடமாவது ஆகும். கையுறையைக் கழற்றாமல், டயரை நெம்பி எடுக்கும் டயர் லீவரைப் பிடிக்க முடியாது. உலோகம் சில்லென்று இருக்கும். உள்சட்டையில் ஈரம். மேலே காற்றைத் தடுக்கும் மெல்லிய துணி மட்டும். பத்து நிமிடத்தில் விரல் மரத்துப்போகும், மரத்த விரலால் டயரைத் திரும்ப ரிம்மில் ஏற்ற முடியாது. நான் உடை தேர்ந்தெடுப்பது மிதிக்கும் நேரத்தை வைத்து அல்ல, நிற்கும் நேரத்தை வைத்து.

இன்னொன்று. உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால் மூளை முதலில் கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கும். குளிரோடு கிளம்பச் சொன்னால், போக்குவரத்து நெரிசலான அந்த முதல் பத்து நிமிடம் விரல்கள் பிரேக்கைச் சரியாக அழுத்தாது. இதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது சரியில்லை.

புதுச்சக்கரம், என் கருத்து இதுதான்: இதமான பருவத்தில் தொடங்குங்கள். பாதை பழகும், பஞ்சர் ஒட்டப் பழகும். குளிர் படிப்படியாக ஏறும்போது துணியும் படிப்படியாகக் கூடும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

எதிர்க்காற்று

நிக்கிற நேரத்துக்குத் துணி வேணும்கறதை நான் மறுக்கலையே. அது பையில இருக்கணும், உடம்புல இருக்கக்கூடாது. அதே பஞ்சு ஜாக்கெட்டைச் சுருட்டிக் கேரியர் பையில வைங்க. பஞ்சர்னா முதல் வேலை அதை எடுத்து மாட்டுறது, ரெண்டாவதுதான் டயர். அதை மாட்டிக்கிட்டே ஓட்டினீங்கன்னா, நிக்கும்போது அதுவும் வியர்வையில ஈரமா இருக்கும். ஈரமான பஞ்சு சூட்டைப் பிடிக்காது. தண்ணி காத்தை விட 20 மடங்குக்கும் மேல வேகமா சூட்டைக் கடத்தும். அப்போ உங்க 'நிக்கிற நேரம்' இன்னும் மோசமாகும்.

விரல் விஷயத்துல நீங்க சொல்றது உண்மை. அதனாலதான் செலவு பண்றதா இருந்தா கைக்கும் காலுக்கும் பண்ணுங்கன்னு சொல்லுவேன். உடம்பு தானா சூடாகும். கை ஹேண்டில்பார்ல அசையாம, நேரா காத்துல இருக்கு.

யாழினி_மிதி

இரண்டு பேருமே 20 கிலோமீட்டர் வேகத்தில் விரட்டுவதை மனதில் வைத்துப் பேசுகிறீர்கள். வேலைக்குப் போகும் பயணம் பந்தயம் இல்லையே.

காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி வேகத்தின் கன அளவில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 20-லிருந்து 15-க்கு இறங்கினால் காற்றுக்காகச் செலவாகும் சக்தி பாதிக்கும் கீழே போய்விடும். 8 கிலோமீட்டருக்கு 24 நிமிடம் ஆவது 32 நிமிடம் ஆகும். அந்த எட்டு நிமிடத்தைக் கொடுத்தால் வியர்க்காது, அலுவலகத்தில் உடை மாற்றவும் வேண்டாம். நான் வேலைக்குப் போடும் உடையிலேயே ஓட்டுகிறேன். மேலே முட்டி வரை வரும் கம்பளி கோட், முன்பக்கம் முழுவதும் பட்டன். பாலம் வருவதற்கு முன்பே மேல் பட்டன்களைத் திறந்துவிடுவேன், மிகக் குறைந்த கியரில் ஏறுவேன். ஏறி முடித்து வியர்த்த பிறகு திறப்பதில் பயனே இல்லை, அதற்குள் ஈரம் சேர்ந்திருக்கும். கடைசி ஐந்து நிமிடம் இன்னும் மெதுவாக மிதிப்பேன், வாசலுக்குப் போகும்போது உடம்பு ஆறியிருக்கும்.

எனக்கு ஆஸ்துமா உண்டு. குளிர்ந்த வறண்ட காற்றை வேகமாக இழுத்தால் மூச்சுக்குழாய் சுருங்கும். மெதுவாக ஓட்டுவதற்கு அதுவும் காரணம். கழுத்தில் போடும் மெல்லிய குழாய்த் துணியை வாய்க்கு மேல் இழுத்துவிட்டால் உள்ளே போகும் காற்று கொஞ்சம் சூடாகி, ஈரப்பதத்தோடு போகும். கண்ணாடி போடுபவர்கள் மூக்கை வெளியே விடுங்கள், இல்லையென்றால் மூச்சு மேலே போய்க் கண்ணாடி மூடிக்கொள்ளும். இன்ஹேலரை உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

எதிர்க்காற்று

எதிர்க்காத்து அடிக்கிற அன்னிக்கு 15-ல போறதுக்கே 20-க்கு மிதிக்கிற மாதிரி மிதிக்கணுமேம்மா. அன்னிக்கு அந்தக் கோட் என்ன ஆகும்?

யாழினி_மிதி

அன்றைக்கு 11, 12-ல் போவேன். மிதிக்கும் அழுத்தத்தை மாற்ற மாட்டேன், வேகம் தானாகக் குறையும். பதினைந்து நிமிடம் முன்னதாகக் கிளம்புவேன், அவ்வளவுதான்.

புதுச்சக்கரம்

மூன்று பேருக்கும் நன்றி. முகத்தில் காற்று அடிப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 5 டிகிரி என்றால் சைக்கிளில் எவ்வளவு மாதிரி இருக்கும்? தொப்பி கட்டாயமா? உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

எதிர்க்காற்று

தலை வழியா பாதிச் சூடு போகும்கறது தப்பு. 2008-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல இதை மருத்துவக் கட்டுக்கதைகள்ல ஒண்ணா எடுத்து மறுத்திருந்தாங்க. தலை உடம்போட பரப்புல ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு, சூடும் அந்த அளவுக்குத்தான் போகும். ஆனா காது வலி நிஜம். காதை மூடுற மெல்லிய துணித்தொப்பி ஹெல்மெட்டுக்கு அடியில போடுங்க. தடித்த குல்லா வேண்டாம். ஹெல்மெட் தலையில சரியா உட்காராது, விழுந்தா பிரயோஜனப்படாது.

காத்தும் குளிரும் சேர்ந்தா எப்படி இருக்கும்னு 2001-ல கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து கொண்டுவந்த கணக்கு இருக்கு. காத்தே இல்லாத நாள்ல நீங்க 20 கிலோமீட்டர் வேகத்துல போனா அதுவே 20 கிலோமீட்டர் காத்துதான். 5 டிகிரி, 1 டிகிரி மாதிரி தோணும். 0 டிகிரி, மைனஸ் 5. மைனஸ் 10 இருந்தா மைனஸ் 18. இது திறந்திருக்கிற தோலுக்கான கணக்கு, ஜாக்கெட்டுக்குள்ள இருக்கிற உடம்புக்கு இல்ல. நீங்க சொன்ன குளிருக்கு முகத்தோல் உறையற பயம் கிடையாது. அந்தக் கணக்கு மைனஸ் 28 பக்கம் போகும்போதுதான் அது வரும்.

ஓட்டை_டியூப்

இந்தக் கணக்கையும் முழுதாகச் சொல்லுங்கள். எதிரே 20 கிலோமீட்டர் காற்று அடித்தால் முகத்தில் படுவது 40. காற்று இல்லாத நாளை வைத்துப் புதியவரைத் தைரியப்படுத்தக்கூடாது.

கைக்குச் செலவு செய்யச் சொன்னதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எந்தக் கையுறை என்று சொல்லாமல் விட்டால் எப்படி? ஐந்து விரலும் தனித்தனியாக உள்ள கையுறை 5 டிகிரி வரை சரி. பூஜ்ஜியத்துக்குக் கீழே, விரல்கள் ஒன்றையொன்று சூடாக்க வேண்டும். இரண்டிரண்டு விரலாகச் சேர்த்து வைக்கும் மூன்று பிரிவுக் கையுறை இருக்கிறது, அதில் பிரேக்கும் கியரும் கைக்கு வரும். அதையும் விட நல்லது ஹேண்டில்பாரிலேயே மாட்டும் உறை. உள்ளே மெல்லிய கையுறை போதும், பஞ்சர் வேலையையும் அந்த மெல்லிய கையுறையோடு பார்க்கலாம். பார்க்க அழகாக இருக்காது. நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

காலுக்கு எல்லோரும் செய்வது இரண்டு சாக்ஸை இறுக்கமான ஷூவுக்குள் திணிப்பது. ரத்த ஓட்டம் நின்று விரல் இன்னும் குளிரும். ஷூவில் இடம் இருந்தால்தான் தடித்த சாக்ஸ். வலைத்துணி ஷூ என்றால் மேலே ஒரு உறை போடுங்கள், காற்று உள்ளே போகாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

செயின்_எண்ணெய்

துணியைப் பத்தியே பேசிட்டு இருக்கீங்க. ரோட்டைப் பத்தி யாராவது பேசுங்கப்பா.

போன்ல 2 டிகிரின்னு காட்டும், ரோடு உறைஞ்சிருக்கும். வெப்பநிலையை அளக்கிறது தரையிலிருந்து ஆள் உயரத்துல. மேகமில்லாத ராத்திரியில தரை அதை விட அதிகமாக் குளிர்ந்துடும். பாலம் இன்னும் மோசம், அடியிலயும் காத்து போறதால மத்த ரோட்டுக்கு முன்னாடியே உறையும். புதுச்சக்கரத்தோட வழியில பாலம் இருக்கு. அதுல பிரேக் பிடிக்காம, ஹேண்டிலைத் திருப்பாம, நேரா உருட்டிட்டுப் போகணும். சந்தேகமா இருந்தா இறங்கித் தள்ளுங்க. தரையோட உறைபனி அடிக்கடி வர்ற இடம்னா ஆணி பதிச்ச டயர்தான் வழி, எந்த ஜாக்கெட்டும் காப்பாத்தாது.

மட்கார்டு ரெண்டு சக்கரத்துக்கும் போடுங்க. மழை நின்ன பிறகும் ரோட்டுத் தண்ணி முதுகுலயும் பாதத்துலயும் அடிக்கிறதை அதுதான் தடுக்கும். பனியை உருக்கச் சாலையில உப்பு போட்டிருந்தா அன்னிக்கே செயினைத் துடைச்சு எண்ணெய் விடுங்க. விளக்கு பேட்டரி குளிர்ல சீக்கிரம் தீரும், முழுசா சார்ஜ் பண்ணிட்டே கிளம்புங்க. ஒளி திருப்புற பட்டையை முதுகுல மட்டும் இல்லாம கணுக்கால்லயும் கட்டுங்க. அது மேலயும் கீழயும் அசையறதைப் பார்த்தா வண்டி ஓட்டுறவருக்கு இது சைக்கிள்னு சட்டுனு புரியும்.

எதிர்க்காற்று

இது முழுக்கச் சரி. ஆனா இதைக் காரணம் காட்டிக் குளிர்காலம் முழுக்க வேண்டாம்னு சொல்றதைத்தான் நான் ஏத்துக்க மாட்டேன். பின்லாந்துல ஊலுன்னு ஒரு நகரம், பனி மூடின மாதங்கள்லயும் பள்ளிப் பிள்ளைங்க சைக்கிள்ல போறாங்க. குளிர்கால சைக்கிள் மாநாடு முதல்முதலா 2013-ல நடந்ததும் அங்கேதான்.

ஓட்டை_டியூப்

ஊலுவைச் சொன்னதற்கு நன்றி, என் வாதத்துக்கு அதுதான் நல்ல சாட்சி. அங்கே வண்டிச் சாலையிலிருந்து பிரித்த நீண்ட சைக்கிள் பாதைகள் இருக்கின்றன. சாலைகளைக் கடக்கச் சுரங்கப்பாதைகள் இருக்கின்றன. காலையில் ஜனங்கள் கிளம்பும் முன் பனியைத் தள்ளிவிடுகிறார்கள். அங்குள்ள பிள்ளைகள் சாதாரணக் குளிர் உடையில்தான் போகிறார்கள், அவர்களைக் காப்பது நகராட்சி. புதுச்சக்கரத்தின் பாதையை யார் துடைக்கிறார்கள் என்று நமக்குத் தெரியுமா?

யாழினி_மிதி

தெரியாது. அதற்காக நான்கு மாதம் காத்திருக்கவும் வேண்டாம். ஈரமோ உறைபனியோ இருக்கும் நாளில் பேருந்தில் போகட்டும், உலர்ந்த நாளில் மட்டும் ஓட்டட்டும். தினமும் ஓட்டினால்தான் சைக்கிள்காரர் என்று எங்கும் சட்டம் இல்லை. பாதியில் முடியாமல் திரும்பும் நாளையும் யாரும் குறையாக நினைக்கப் போவதில்லை.

புதுச்சக்கரம்

யோசித்துவிட்டேன். உலர்ந்த நாட்களில் மட்டும், இந்த வாரமே தொடங்குகிறேன். விடுமுறை நாளில் ஒரு முறை அதே பாதையில் அதே காலை நேரத்தில் ஓட்டிப் பார்ப்பேன். உள்ளே பாலியெஸ்டர், மேலே ஸ்வெட்டர், காற்றுத் தடுப்பு ஜாக்கெட். பஞ்சு ஜாக்கெட் பையில். அலுவலகத்தில் ஒரு மாற்றுச் சட்டையும் துண்டும் வைத்துவிடுகிறேன். ஓட்டை_டியூப் அவர்களே, உங்கள் பேச்சைக் கேட்கவில்லை என்று வருத்தம் வேண்டாம். ஹேண்டில்பார் உறை வாங்கப் போகிறேன்.

ஓட்டை_டியூப்

வருத்தம் இல்லை, ஆனால் என் கருத்து மாறவும் இல்லை. இதமான பருவத்தில் தொடங்கியிருந்தால் இவ்வளவையும் மூட்டை கட்ட வேண்டியிருக்காது.

கிளம்புவது உறுதி என்றால் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். இன்று இரவு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து, பின்சக்கரத்தைக் கழற்றி, டயரை எடுத்து, டியூபை மாற்றி மறுபடி ஏற்றுங்கள். மெல்லிய கையுறை போட்டுக்கொண்டே முழுவதையும் செய்ய வேண்டும். கையுறையோடு முடியவில்லை என்றால் வேறு கையுறை பாருங்கள், அல்லது எளிதாக ஏறும் டயர் மாற்றுங்கள். அது முடிந்த பிறகு பாலம் ஏறலாம்.