பார்சலில் வந்த தஞ்சாவூர் வீணை: தண்டி ஆடுகிறது, மெட்டுகள் சாய்ந்துவிட்டன. என்ன செய்யலாம்?

கேள்வி (புனே அம்மா)

வணக்கம். மகளுக்காகத் தஞ்சாவூரில் சொல்லிவைத்து ஒரு ஒட்டு வீணை (குடம், கழுத்தான தண்டி, நுனியில் யாளித் தலை எனத் தனித்தனியாகச் செய்து ஒட்டியது) வாங்கினோம். லாரி பார்சலில் போட்டார்கள், நேற்று வந்து சேர்ந்தது. வெளியே சாக்கு தைத்த அட்டைப்பெட்டி. உள்ளே பபிள் ராப் ஒரே ஒரு சுற்று. குடத்துக்கு இரண்டு பக்கமும் கை நுழையும் அளவு இடைவெளி, அதில் செய்தித்தாளைக் கசக்கிப் போட்டிருக்கிறார்கள்.

குடமும் தண்டியும் சேரும் இடத்தில் மயிரிழைபோல ஒரு கோடு. யாளிப் பக்கம் தூக்கினால் ‘டக்’ என்று சத்தம் வருகிறது. தண்டிக்குக் கீழே மாட்டும் சுரைக்காயைக் கழற்றாமலே வைத்ததால் அதன் அடியில் விரிசல். தந்திகளைத் தாங்கும் குதிரை விழுந்து மேல்பலகையைக் கீறியிருக்கிறது. மேல் ஸ்தாயி மெட்டுகள் (தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகக் கம்பிகள்) சில மெழுகில் அழுந்திச் சாய்ந்து நிற்கின்றன.

பார்சல் ஆபீஸில் “பெட்டி நன்றாகத்தானே இருக்கிறது, கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டீர்களே” என்கிறார்கள். விற்றவர் திருப்பி அனுப்பச் சொல்கிறார். இதே பெட்டியில் அனுப்பினால் மிச்சமும் போய்விடுமே என்று பயமாக இருக்கிறது. வாத்தியம் செய்யும் ஊரான மிரஜ் இங்கிருந்து ஒரு பகல் பயணம்தான். அங்கே கொண்டுபோகலாமா?

பதில் (வீணை ரிப்பேர் செய்பவர், தஞ்சாவூர்)

அம்மா, முதலில் ஏழு தந்திகளையும் தளர்த்திவிடுங்கள். பாப்பா ஆசைப்பட்டாலும் சுருதி கூட்டிப் பார்க்க வேண்டாம். தந்தி இழுக்க இழுக்க அந்தக் கோடு வாய் பிளக்கும். மேலாகப் பசை தடவச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். பசை உள்ளே இறங்காது, மேலேயே காய்ந்துவிடும். பிறகு ஒட்டைத் திறந்து அதைச் சுரண்டி எடுப்பதே பெரிய வேலையாகிவிடும்.

சாய்ந்த மெட்டுகளையும் கையால் அழுத்த வேண்டாம். ஒட்டைச் சரிசெய்தால் தண்டியின் மட்டம் கொஞ்சமாவது மாறும், ஆகவே 24 மெட்டுகளுக்கும் புதிதாக மேளம் கட்டித்தான் (மெழுகில் மெட்டுகளைச் சுருதி பார்த்துப் பதிப்பது) ஆக வேண்டும். அது கடைசி வேலை.

மிரஜ் சிதாருக்கும் தம்புராவுக்கும் பேர்போன ஊர், இரண்டுக்கும் 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுரைக்காய் விரிசல் அவர்களுக்குக் கைவந்த வேலை, ஒட்டையும் பார்ப்பார்கள். ஆனால் சிதாரில் மெட்டுகளை நூலால் கட்டியிருப்பார்கள், வேண்டியபடி நகர்த்தலாம். நம்முடையது மெழுகில் பதித்தது, காதால் கேட்டுக் கேட்டுக் கட்ட வேண்டும். அதற்கு வீணைக்காரர்தான் வேண்டும். புது வீணை, முழுப் பணம் கொடுத்திருக்கிறீர்கள். திருப்பி அனுப்புவதுதான் சரி என்பேன்.

பதில் (பார்சல் சர்வீஸில் வேலை பார்த்தவர்)

மேடம், பெட்டியையும் சாக்கையும் தூக்கிப் போடாதீர்கள், அவைதான் சாட்சி. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, புக்கிங் ரசீது எண்ணோடு பார்சல் ஆபீஸுக்கும் விற்றவருக்கும் இன்றே எழுத்தில் அனுப்புங்கள். போனில் பேசியது எதற்கும் உதவாது.

ரசீதில் வீணையின் மதிப்பு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சாலைவழிச் சரக்குச் சட்டம் 2007இன்படி, மதிப்பைச் சொல்லி அதற்குக் கூடுதல் கட்டணம் கட்டாத சரக்குக்குப் பொதுவாக வாடகையைப் போலப் பத்து மடங்குதான் பொறுப்பு. வழக்குப் போடுவதானால் புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து நோட்டீஸ் போயிருக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பேக்கிங் விற்றவர் செய்தது, ஆகவே அவரைத்தான் முதலில் கேட்பேன்.

தடிமனாக ஃபோம் வைக்க இடமில்லாமல் பெட்டியை ஏன் இப்படிச் சுருக்குகிறார்கள் தெரியுமா? கூரியரில் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து எடை போட்டு, அதற்குத்தான் கட்டணம் வாங்குவார்கள். 140×45×45 பெட்டி என்றால் 57 கிலோ கணக்கு வரும், உள்ளே இருக்கும் வீணையோ அதில் கால்பங்குகூட இருக்காது. அந்தப் பழக்கத்தில் லாரிக்கும் அதே சிறிய பெட்டிதான். வாடகை கூடினாலும் பரவாயில்லை, பெரிய பெட்டியாகப் போடுங்கள் என்று வாங்குகிறவர் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

புனே அம்மா

ரொம்ப நன்றி. ரசீதில் மதிப்பு எழுதவில்லை. விற்றவரிடம் பேசினேன், வாடகையை அவரே ஏற்கிறாராம். ஆனால் இங்கிருந்து நாங்கள்தான் பேக் செய்ய வேண்டும். எப்படிச் செய்வது? மெழுகு ஏன் இளகியது என்பதும் புரியவில்லை.

பதில் (வீணை ரிப்பேர் செய்பவர், தஞ்சாவூர்)

மெழுகு வெயிலில் இளகியது. மூடிய லாரி மதியத்தில் நின்றால் உள்ளே அடுப்புதான். தேன்மெழுகு உருகவே வேண்டாம், இளகினாலே போதும், மெட்டு அழுந்திவிடும். மெழுகும் மெட்டும் சேர்ந்த அந்த மேளத்தின் மேல் எதுவும் படக் கூடாது, பபிள் ராப்கூட.

பிளைவுட் பெட்டி அடிக்கச் சொல்லுங்கள், தச்சருக்கு அரைநாள் வேலை. குதிரை இருந்த இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு, அதைத் துணியில் சுற்றித் தனியாக வையுங்கள். சுரைக்காய் திருகில்தான் நிற்கிறது, கழற்றித் தனி அட்டைப்பெட்டியில் போடுங்கள். குடம் உட்கார ஃபோமில் குழி வெட்டுங்கள். அப்புறம் முக்கியமானது, தண்டிக்குக் கீழே நெடுக ஃபோம் முட்டுக் கொடுக்க வேண்டும். குடம் மட்டும் பிடிபட்டு தண்டி அந்தரத்தில் நின்றால் ஒவ்வொரு குலுக்கலும் ஒட்டில்தான் போய் விழும். உங்கள் வீணைக்கு நடந்தது அதுதான். பிரடைகள் (தந்தியை முறுக்கும் திருகுகள்) பெட்டியின் எந்தச் சுவரிலும் முட்டாமல் நான்கு விரல் இடம் விடுங்கள், யாளித் தலைக்கும் அதே.

மூடியை ஆணி அடிக்காமல் ஸ்க்ரூவில் மாட்டுங்கள். மூடியபின் இரண்டு பேர் பிடித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகர்ந்தால் திறந்து இன்னும் ஃபோம் வையுங்கள். மதிப்பை ரசீதில் எழுதி வாங்கிய பிறகு புக் செய்யுங்கள். பெட்டியைத் திருப்பித் தரச் சொல்லிவிடுங்கள், வீணை அதிலேயே உங்களிடம் வரட்டும்.