ஃபேடு மார்ஜினுக்குத் தமிழில் என்ன? (எச்டி டிஷ் தேர்வுக் கையேட்டுக்காக)

அனைவருக்கும் வணக்கம்.

எச்டி இணைப்பு எடுப்போருக்கான கையேடு ஒரு சொல்லில் முட்டி நிற்கிறது. சேனல் பட்டியல், பெட்டி வகை, கட்டணம் எல்லாம் எழுதியாயிற்று. ஆனால் ஐப்பசி மழையில் எந்த நிறுவனத்தின் எச்டி நிற்கும், எது போகும் என்பதைச் சொல்லும் அளவுக்குத்தான் பெயர் அமையவில்லை.

பொருள் இது. வானம் தெளிவாக இருக்கும்போது குறிகைக்கும் (சிக்னல்) இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 13 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். டிவிபி-எஸ்2 என்ற செயற்கைக்கோள் ஒளிபரப்புத் தரத்தில் 8பிஎஸ்கே பண்பேற்றம், 3/4 பிழைத்திருத்த விகிதத்தில் வரும் டிரான்ஸ்பாண்டருக்கு (பல சேனல்களைச் சேர்த்து அனுப்பும் கோளின் அலைபரப்பி) குறைந்தது 7.9 டெசிபெல் வேண்டும். மீதி 5.1. இந்த மீதிதான் ஃபேடு மார்ஜின். அதே டிஷ்ஷில், அதைவிட எளிய பண்பேற்றமான க்யூபிஎஸ்கே 3/4-இல் வரும் டிரான்ஸ்பாண்டருக்கு 4 டெசிபெல் போதும் என்பதால் மீதி 9. ஒரே மழையில் எச்டி போய், சாதாரண சேனல் ஓடிக்கொண்டிருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

கைவசம் உள்ளவை: மங்கல் விளிம்பு, மறைவு எல்லை, மழைத் தாங்குதிறன். எதுவும் நாவில் ஒட்டவில்லை. கருத்துச் சொல்லுங்கள்.

*

> மங்கல் விளிம்பு

இது வேண்டவே வேண்டாம் ஐயா. ஆண்டெனா காலத்தில் குறிகை குறைந்தால் படம் மங்கும், புள்ளி விழும். டிஜிட்டலில் அப்படி இல்லை. கீழ்வரம்புக்கு அரை டெசிபெல் மேலே இருந்தாலும் படம் பளிச்சென்றே இருக்கும். வரம்பைத் தொட்டால் கட்டம் கட்டமாக உடையும், அதற்கும் கீழே கறுப்புத் திரை. 'மங்கல்' என்று எழுதினால், படம் மங்கவில்லையே, எல்லாம் சரியாக இருக்கிறது என்று வாசகர் நினைத்துவிடுவார். இன்னும் எவ்வளவு மீதம் என்பது படத்தைப் பார்த்துத் தெரியாது என்பதுதானே இங்கே சிக்கல்.

'விளிம்பு' அகராதியைப் பார்த்து எழுதியது. தாளின் ஓரத்துக்குச் சரி. இங்கே பேசுவது செலவழிக்க வைத்திருக்கும் மீதத்தை. அதற்குக் கணக்குப்பிள்ளை முதல் மளிகைக்கடை வரை சொல்வது 'கையிருப்பு'. அதையே முன்மொழிகிறேன்.

கையேட்டில் இதையும் சேர்க்கலாம். 83 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ள டாடா ப்ளே செயற்கைக்கோளைச் சென்னையில் உள்ள டிஷ் ஏறத்தாழ 74 பாகை உயரத்தில் பார்க்கிறது. அநேகமாகத் தலைக்கு மேலே, சற்றே தெற்கில். 108.2 பாகையில் உள்ள ஏர்டெல்லுக்கு உயரம் சுமார் 54 பாகை, திசை கிழக்கு-தென்கிழக்கு. மழை தரையிலிருந்து 5 கிலோமீட்டர் உயரம் வரை பெய்வதாகக் கொண்டால், முதல் பாதை மழைக்குள் சுமார் 5.2 கிலோமீட்டர், இரண்டாவது சுமார் 6.2. இதனால் மட்டும் ஒன்று நல்லது, மற்றது கெட்டது ஆகிவிடாது. கோள் நம் ஊர்மீது எவ்வளவு வலுவாக ஒளிபரப்புகிறது என்பது இதைவிடப் பெரிய கணக்கு. அதனால்தான் கையிருப்பை அந்தந்த மாடியில் அளந்து பார்க்க வேண்டும் என்கிறேன்.

*

'தாங்குதிறன்' பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டுப் பாடநூலில் திறன் என்றால் வாட்டில் அளக்கும் அளவு. இலங்கைப் பாடநூல்களில் அதையே நாங்கள் வலு என்கிறோம். டெசிபெல் பேசும் பக்கத்தில் இரண்டு நாட்டு மாணவரும் குழம்புவர். கையிருப்பு என்பதில் அந்தத் தொல்லை இல்லை, இரு கரையிலும் ஒரே பொருள்தான்.

முன்னொட்டு என்ன என்பதுதான் என் கேள்வி. 'நலிவு' குறிகை குறைவதற்கு நல்ல சொல். ஆனால் 'நலிவுக் கையிருப்பு' என்றால் நலிவையே சேர்த்து வைத்திருப்பது போல ஒலிக்கிறது!

*

கையிருப்பில் எனக்கு ஒரு தடை உண்டு, மேலே எழுதிய அம்மா பொறுத்தருள்க. செயற்கைக்கோள் பேச்சில் 'கையிருப்பு' என்றால் மாற்று டிரான்ஸ்பாண்டர்கள் என்றும் கொள்ளலாம். நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதுவும் பார்க்க வேண்டியதுதான். 2010 ஜூலையில் இன்சாட்-4பி கோளின் மின்வழங்கல் பழுதாகிப் பாதி டிரான்ஸ்பாண்டர்களை நிறுத்த வேண்டிவந்தது. அதில் இருந்த சன் டைரக்ட் 91.5 பாகையில் உள்ள மீசாட்-3க்கு மாறியது. இரண்டு பாகை நகர்ந்தாலும் டிஷ்ஷைத் திருப்பித்தான் ஆக வேண்டும். ஆகவே வெறும் 'கையிருப்பு' போதாது, எதன் கையிருப்பு என்று சொல்லியாக வேண்டும்.

'மழைக் கையிருப்பு' என்றும் உடனே எழுதிவிட முடியாது. மீதத்தைத் தின்பது மழை மட்டுமல்ல. 60 சென்டிமீட்டர் டிஷ் ஒரு பாகை பிசகினால் ஒன்றரை டெசிபெல் அளவுக்குப் போய்விடும். கேபிள் முனையில் உள்ள எஃப் கனெக்டருக்குள் ஈரம் இறங்கினால், டிஷ்ஷின் முன் நிற்கும் குறிகை வாங்கியான எல்என்பியின் சுழற்சி பிசகினால், இன்னும் போகும்.

*

அந்தத் தடைக்கு விடை உங்கள் மடலிலேயே இருக்கிறது ஐயா. டிஷ் பிசகு, கேபிள் ஈரம், எல்என்பி சுழற்சி எல்லாம் வெயில் நாளிலும் இருப்பவை. 13 என்று அளக்கும்போதே அவற்றைக் கழித்துத்தான் பெட்டி காட்டுகிறது. அதற்குப் பிறகு மீதம் இருப்பதைத் தின்ன 12 கிகாஹெர்ட்ஸில் நம் ஊரில் மழையை விட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. எல்என்பி மூடியில் படியும் நீர்ப்படலமும் மழைக் கணக்கே. ஆகவே 'மழைக் கையிருப்பு' பொருளுக்குச் சரியாகவே பொருந்துகிறது. மாற்று டிரான்ஸ்பாண்டர்களோடும் குழம்பாது.

ஓர் எச்சரிக்கை மட்டும் கையேட்டில் இருக்கட்டும். கையிருப்பு 5 டெசிபெல் என்றால் 5 டெசிபெல் மழை வரை தாங்கும் என்று எழுதிவிடாதீர்கள். மழை குறிகையைக் குறைப்பதோடு தானும் வெப்ப இரைச்சலைச் சேர்க்கிறது. இன்றைய எல்என்பிகளின் சொந்த இரைச்சல் மிகக் குறைவு என்பதால் இந்தக் கூடுதல் நன்றாகவே உறைக்கும். 3 டெசிபெல் மழையிலேயே அந்தக் கையிருப்பு கரைந்துவிடலாம்.

*

நன்றி. கீழே உள்ளபடி எழுதியிருக்கிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

"மழைக் கையிருப்பை அளக்க: மேகமில்லாத பகலில் பெட்டியின் குறிகைப் பக்கத்தைத் திறக்கவும். 'வலிமை' பட்டையை நம்ப வேண்டாம். எல்என்பி இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி அனுப்புவதால், தவறான திசையில் நிற்கும் டிஷ்ஷுக்கும் அது உயரமாகக் காட்டும். 'தரம்' பட்டையை, முடிந்தால் டெசிபெல் எண்ணை, எடுக்கவும். நீங்கள் பார்க்கப்போகும் எச்டி சேனல் எந்த டிரான்ஸ்பாண்டரில் வருகிறதோ அதில் அளக்கவும். பெட்டி முதலில் காட்டும் டிரான்ஸ்பாண்டர் வேறாக இருக்கலாம். அந்த எண்ணிலிருந்து கீழ்வரம்பைக் கழிக்கவும். பெட்டிகள் ஏட்டில் உள்ள வரம்பைவிட ஒரு டெசிபெல் அளவு கூடுதலாகக் கேட்கும். விழுக்காட்டில் காட்டும் இரண்டு நிறுவனப் பெட்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம், அளவுகோல் வேறு வேறு. அதற்குப் பொறுத்துபவரிடம் ஒரே மீட்டரில் இரண்டையும் அளந்து காட்டச் சொல்லவும். கையிருப்பு குறைவானால் முதலில் டிஷ்ஷையும் எல்என்பி சுழற்சியையும் திருத்தவும். பிறகு கனெக்டர்களை மாற்றவும். அதன் பிறகும் போதாவிட்டால் 90 சென்டிமீட்டர் டிஷ் சுமார் 3.5 டெசிபெல் கூட்டித்தரும்."

ஈரத்துணியால் எல்என்பியை மூடிப் பார்க்கும் சோதனையைச் சேர்க்கவில்லை. துணியில் எவ்வளவு நீர் என்று தெரியாதபோது அதை அளவு என்று சொல்ல முடியாது.

*

வரைவு நன்று. 'குறிகைத் தரம்' என்றே முழுதாக எழுதுங்கள், வெறும் 'தரம்' என்றால் படத்தின் தரம் என்று எடுத்துக்கொள்வர். பெட்டித் திரையில் இடம் பற்றாது என்று 'மழையிருப்பு' எனச் சுருக்கும் எண்ணம் யாருக்கும் வந்தால் தயவுசெய்து வேண்டாம். மேட்டூர் அணை நீர்மட்டம் போல இருக்கிறது. திரையில் 'கையிருப்பு: 5.1 டெபெ' போதும், பக்கத் தலைப்பிலேயே மழை வந்துவிடுகிறது.