கொலாய்டல் சில்வர்: ‘வெள்ளிச்சத்து நீர்’ வேண்டாம்

செவ்வாய்ப்பேட்டை, சேலம்

அனைவருக்கும் வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலில், வெள்ளி கலந்த நீரான கொலாய்டல் சில்வருக்கு ‘வெள்ளிச்சத்து நீர்’ என்று ஏறியிருப்பதை நீக்கக் கோருகிறேன். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து வரிசையில் இதைப் படிப்பவர், உடம்புக்கு வெள்ளி தேவை என்றே எடுத்துக்கொள்வார். உடலில் வெள்ளிக்கு ஒரு வேலையும் இல்லை. இதை நரம்பு ஊசியாகப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கும்போது, அந்தச் சொல்லே ஆபத்து. கொலாய்டு என்பதற்குப் பாடநூலில் ‘கூழ்மம்’ என்ற சொல் இருக்கிறது. ‘வெள்ளிக் கூழ்மம்’ போதும்.

ஏற்காடு

> ‘வெள்ளிக் கூழ்மம்’ போதும்

போதாது ஐயா. மின்பகுப்பில் வீட்டில் செய்யும் திரவத்தில் பெரும்பகுதி அயனிதான், அதாவது மின்னூட்டத்தோடு நீரில் கரைந்த வெள்ளி. நிறமில்லாமல் தெளிந்திருக்கும். நானோமீட்டர் அளவுத் துகள்கள் மிதப்பதுதான் கூழ்மம். 400 நானோமீட்டர் அருகே ஊதா ஒளியை விழுங்குவதால் மஞ்சளாகத் தெரியும். ஒரே பெயரில் இரண்டையும் அடக்கினால் பாதுகாப்புக் கேள்வியே குழம்பிவிடும்.

பிரித்தறிவது எளிது. இருட்டில் லேசர் ஒளியைப் பாய்ச்சினால் கூழ்மத்தில் ஒளித்தடம் தெரியும், வெறும் அயனிக் கரைசலில் தெரியாது. பிறகு சிறிது எடுத்து ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள். வெண்மையாகக் கலங்கினால் அயனி: வெள்ளிக் குளோரைடு உண்டாகிறது. மஞ்சள் மங்கிச் சாம்பலானால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. போர் தண்ணீரில் செய்தால் உப்பே போட வேண்டாம், அதிலுள்ள குளோரைடே கலக்கிவிடும். ஆகவே ‘வெள்ளி அயனிக் கரைசல்’ என்று தனிப் பதிவு வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. வெள்ளி சுத்திகரிக்கும் இடங்களில் அன்றாடம் காண்பதும் இதுதான்: திராவகத்தில் கரைந்த வெள்ளியில் உப்புநீர் ஊற்றியதும் தயிர்போல் வெள்ளையாகத் திரண்டு அடியில் உட்காரும், வெயில் பட்டால் கருஞ்சாம்பலாகும்.

இரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 100 மில்லிமோல் குளோரைடு இருக்கிறது. அயனியாகச் செலுத்தியது அயனியாகவே நிற்காது. குளோரைடோடும் புரதங்களின் கந்தகத்தோடும் சேர்ந்துவிடும். துகளாகச் செலுத்தினால்? 0.9 விழுக்காடு உப்புநீரிலேயே, காப்புப் பொருள் இல்லாத துகள்களை ஒட்டவிடாமல் வைத்திருக்கும் மின்விலக்கம் தளர்ந்து, அவை திரிந்துவிடும். இதற்கு ‘உறைதல்’ வேண்டாம், இரத்தம் உறைவதோடு குழம்பும். பால் திரிவதுபோல் ‘திரிதல்’ என்றே வையுங்கள். திரிந்த கட்டிகள் நுரையீரல் நுண்குழாய்களில் சிக்கலாம். மிச்சத்தைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வெள்ளியே இல்லாவிட்டாலும் காய்ச்சி வடித்த நீரை அப்படியே சிரையில் ஏற்றினால் சிவப்பணுக்கள் நீரை உறிஞ்சி வெடிக்கும். கொதிக்க வைத்தாலோ 0.22 மைக்ரான் வடிகட்டியில் விட்டாலோ பாக்டீரியா பெரும்பாலும் போகும். அவை விட்டுச்செல்லும் காய்ச்சல் நஞ்சு போகாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலார்கால் என்ற வெள்ளிக் கூழ்மத்தை ஊசியாகப் போட்டார்கள்தான். அது முன்னுதாரணம் ஆகாது. கொலாய்டல் சில்வர் அடங்கிய மருந்துக்கடைப் பொருட்களைப் பாதுகாப்பானவையாகவோ பயனுள்ளவையாகவோ ஏற்க முடியாது என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1999இல் விதி செய்தது.

‘நரம்பு ஊசி’ பேச்சில் இருக்கட்டும், பதிவில் ‘சிரைவழிச் செலுத்தல்’. உடலியலில் நரம்பு வேறு.

ஏற்காடு

உடலில் வெள்ளி படிந்து தோல் நிறம் மாறும் அர்ஜீரியாவுக்கு ‘வெள்ளிக் கறுப்பு’ என்று ஒருவர் தந்திருக்கிறார். கொலுசு கறுப்பதும் தோல் நீலச்சாம்பலாவதும் பெரும்பாலும் வெள்ளி சல்பைடு போன்ற சேர்மங்களால்தான் என்பதால் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் கறுத்த கொலுசைப் பூந்திக்கொட்டை போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வந்துவிடும்; தோலுக்குள் படிந்தது தேய்த்தோ மருந்து தின்றோ போகாது. லேசரால் ஓரளவு மங்கலாம், அவ்வளவே. ‘வெள்ளிப்படிவு நோய்’ என்கிறேன்.

விளக்கத்தில் ஓர் அளவும் சேர்க்க வேண்டும். வாய்வழிக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வைத்த வரம்பு, கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 5 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு 300. லிட்டருக்கு 10 மில்லிகிராம் திரவத்தில் அது 30 மில்லிலிட்டரிலேயே வந்துவிடும். குடிப்பதில் பெரும்பகுதி குடலோடு வெளியேறும். ஊசியில் முழுவதும் உள்ளே. ஆகவே அந்த வரம்பை ஊசிக்கு எடுத்தாளக் கூடாது என்ற வரியும் பதிவிலேயே இருக்க வேண்டும்.